லெவல் போட்ட பந்திக் கணக்கு

மூளையை வீணாக்குவதற்கென்றே ஒருவன் பிறந்தான் என்றால், அது எங்கள் ஆபீஸ் லெவல்தான். கணபதியில் நான் வேலை பார்த்த மோட்டார் பம்பு கம்பெனியில் அவன் கம்ப்யூட்டர் பிரிவு. நாற்பத்திரண்டு வயது. வீடியோ கேமில் எத்தனையாவது லெவலில் இருக்கிறான் என்பதைத்தான் காலை வணக்கமாகச் சொல்லுவான். பேர் அப்படி வந்ததுதான். காந்திபுரத்தில் இறங்க வேண்டியவன், செல்போனில் ஆட்டம் முடியவில்லை என்று உக்கடம் வரை போய்த் திரும்பி வருவான்.

ஒருமுறை ஆபீஸ் வருகைப் பதிவில் கை வைத்தான். திரையில் வரும் புதிருக்கு விடை சொன்னால்தான் வருகை பதிவாகும். ‘நான்கால் பெருக்கினால் தலைகீழாகத் திரும்பும் நான்கு இலக்க எண் எது?’ அத்தனை பேரும் வாசலில் கால்குலேட்டரோடு நின்றோம். மேனேஜர் வந்து கத்தினார்.

“ரெண்டாயிரத்து நூத்தி எழுபத்தெட்டுங்க சார். பெருக்கிப் பாருங்க, அழகா இருக்கும்” என்றான். மேனேஜரும் வெட்கமில்லாமல் பெருக்கிப் பார்த்தார்.

இப்பேர்ப்பட்டவனிடம் என் தங்கை கல்யாணப் பந்தியை ஒப்படைத்தேன் என்றால், என்னை எதைக் கொண்டு அடிப்பது?

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வெள்ளகோவிலில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பேச்சு நின்று பதினைந்து வருடம். ஒருவர் உட்காரும் பந்தியில் இன்னொருவர் உட்கார மாட்டார். சொந்தபந்தமும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை.

“உங்க பெரியப்பன் கை நனைக்காமப் போயிட்டா, சாகற வரைக்கும் எனக்கு ஆறாது கண்ணு” என்றார் அப்பா.

ஆபீசில் இதைச் சொல்லிப் புலம்பினேன். லெவல் காதில் விழுந்துவிட்டது.

“ஏனுங்க, இது அருமையான புதிருங்க. ஆருக்கும் ஆருக்கும் ஆகாதுன்னு லிஸ்ட் குடுங்க, புரோகிராம் எழுதிப்போடறேன்.”

கொடுத்தேன். மொத்தம் நாற்பத்தோரு சண்டை. மண்டபத்தில் மூன்று பந்திக்குத்தான் நேரம். நாலு நாள் கம்பெனி வேலையைக் கிடப்பில் போட்டுவிட்டு எழுதினான்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒவ்வோர் இலைக்கும் மேலே பேர்ச் சீட்டு. சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிக்கிற ஊர் எங்களுடையது. சனம் முறைத்தது. முதல் பந்தியில் அப்பா பேருக்கு அடுத்த சீட்டு, பெரியப்பா பேர். இருவரும் அவரவர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்கள்.

“யாரு பார்த்த வேலை இது?” என்றார் பெரியப்பா.

ஒளிந்துகொள்ளத் தெரியாத மடையன், தானே முன்னால் வந்தான்.

“நாந்தானுங்க. மூணு பந்திக்குள்ள அடக்கோணும், விடையே வரலைங்க. எந்தச் சண்டைய எடுத்தா வரும்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேனுங்க. நாப்பதுக்கு வரலை. உங்க ரெண்டு பேர்த்துச் சண்டைய எடுத்தேன், உடனே வந்துருச்சுங்க. மத்தவங்க பூராம் உங்களைப் பாத்துத்தானுங்க மொகத்தைத் திருப்பிக்கறாங்க.”

சாம்பார் வாளிக்காரர் நடையில் அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பா சீட்டை எடுத்தார். கிழித்து இவன் முகத்தில் வீசப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு முறை படித்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“உக்காரு தம்பி. எலை காயுது.”

அப்பா உட்கார்ந்தார். சோறு விழுவதற்கு முன்பே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெவலுக்கு அதெல்லாம் கண்ணில் பட்டால்தானே? “மூணே பந்திங்க, மூணே” என்று என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று பந்தியும் முடிந்த பிறகுதான் கவனித்தேன். அவன் பேரில் சீட்டே இல்லை.

“உனக்கு எங்கப்பா எலை?”

“லிஸ்ட்ல வரலைங்க. எனக்குத்தான் ஆருகூடவும் சண்டையில்லையே.”

கிறுக்குப் பயல். நாலாவது பந்தியென்று ஒற்றை இலையை நானே விரித்தேன். அப்பா சோறு வைத்தார், பெரியப்பா நெய் ஊற்றினார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் பரிமாறியதில்லை.