‘சார்’ என்று கூப்பிட்ட மனைவி

“சார், உங்க மிஷின் என் சாஃப்ட்வேரை ஏத்துக்க மாட்டேங்குது,” என்றாள் மனைவி, அறை வாசலிலேயே நின்றுகொண்டு.

கட்டின புருஷனைச் ‘சார்’ என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் உறைக்காது?

அந்த வானிலை அலுவலகத்தில், கம்பியால் பிணைத்த பழைய கணினிக் கூட்டம் ஒன்று உண்டு. கிளஸ்டர் என்பார்கள். அதற்கு அவர்தான் காவல். அதில் ஓட வேண்டிய புது சாஃப்ட்வேரை எழுதியவள் அவள். போன வார மீட்டிங்கில் அவர் வாய்க்கொழுப்பாக, “புதுசுக்கு ஆட்டம் ஜாஸ்தி, வேலை கம்மி,” என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவள் அவரோடு பேசுவதில்லை. “சாப்பாடு மேசை மேல இருக்கு,” என்பதைக்கூட ஃப்ரிட்ஜைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆபீசில் மட்டும் பேசியே ஆக வேண்டியிருந்தது.

“என்னதான் கேக்குது மேடம் அது?”

“உங்ககிட்ட இருக்கற லைப்ரரி ஃபைலெல்லாம் அரதப் பழசாம். புதுசு வேணுமாம்.”

சாஃப்ட்வேர் ஓடுவதற்குத் துணையாக வேண்டிய அந்த ஃபைல்களில் புதியதைப் போட்டார். அவள் சாஃப்ட்வேர் எழுந்து உட்கார்ந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய வேலைகள் எல்லாம் படுத்துவிட்டன. திரையில் ஊர் முழுக்க மழை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது.

“நல்லா இருக்கு சார் லட்சணம்!” அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பழையதையும் புதியதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். இரண்டும் ஒரே ஃபைலுக்கு அடித்துக்கொண்டதில் பாதிக் கணினிகள் நின்றுபோயின. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்து, முகத்தைப் பார்க்காமல் ஒரு ஸ்பூனை அவர் பக்கம் தள்ளினாள்.

அடுத்தது தில்லுமுல்லு. நீ எந்தக் காலத்து மிஷின் என்று சாஃப்ட்வேர் கேட்டால், ‘புத்தம் புதுசு’ என்று மிஷின்களைப் பொய் சொல்ல வைத்தார். அதுவும் நம்பி, மொத்தப் பாரத்தையும் கிழட்டு மிஷின்கள் தலையில் ஏற்றியது. ஃபேன்கள் அலறின. பட்டென்று கரண்ட் போய் அறையே இருட்டாகிவிட்டது.

“தலைக்கு டை அடிச்சுக்கிட்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போனா இப்படித்தான்!”

சொல்லிவிட்டு அவளே வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கரண்ட் வந்து கணினிகள் மறுபடி எழுந்தபோது, தப்பு எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். வேலை முடிந்துவிடும். அவள் எழுந்து போய்விடுவாள். வீட்டுக்குப் போனால் மறுபடி ஃப்ரிட்ஜோடு பேச ஆரம்பித்துவிடுவாள். விரலை அழுத்த மனசு வரவில்லை.

“ஏம்மா,” என்றார். “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நாலு பேர் சிரிக்கணும்னு உளறிட்டேன். உன் வேலையை நினைச்சா எனக்குப் பெருமைதான். எல்லார் முன்னாடியும் வேணா சொல்றேன். இது ஓடினாலும் என்கூடப் பேசும்மா.”

அவள் கண் கலங்கிவிட்டது. “போதுங்க... முதல்ல அதை ஓட விடுங்க.”

மாற்றினார். ஓடியது. திரையிலும் வெயில் வந்தது. சந்தோஷத்தில் இரண்டு பேரும் கை தட்டினார்கள்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள், மனைவியின் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் பக்கத்து சீட்டுக்காரி.

“இவ்வளவு பாடு எதுக்குக்கா? பழைய மிஷின்லயும் ஓடற மாதிரி போன வாரமே ஒண்ணு எழுதி வெச்சீங்களே, அதை ஏன் இவர்கிட்ட கொடுக்கவே இல்ல?”