உப்புக் கரித்த வியாழக்கிழமை

பூமிக்கு மேலே நடப்பது எதுவும் முடிச்சண்ணனுக்குத் தெரியாது. பிரதம மந்திரி யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார். ஆனால் பூமிக்குக் கீழே, இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தின் அடியில், எந்தச் சொட்டுத் தண்ணீர் எப்போது எந்தப் பக்கம் புறப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார்.

மலைச்சரிவில் மழைத் தண்ணீர் வழிந்தோடக் கான் வெட்டுவது அவர் தொழில். இடுப்பில் எப்போதும் ஒரு கயிறு இருக்கும். அதில் சாணுக்கு ஒரு முடிச்சு. காலையில் எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வேலைக்குப் பேர் கொடுக்க ஓடும்போது, இவர் மட்டும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணற்றில் கயிற்றை விட்டு, எத்தனை முடிச்சு நனைகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். "ஏன்யா லேட்டு?" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கத்தினால், சாவுச் செய்தி சொல்லும் முகத்தோடு, "ரெண்டு முடிச்சு எறங்கியிருக்குங்க" என்பார்.

ஐம்பதுகளின் கடைசியில், லயத்துக் கிணற்றிலிருந்து எட்டி நடந்தால் அறுபது எட்டு தள்ளிப் பேக்டரிக்காக ஆழக் கிணறு வெட்டி, எஞ்சின் பம்பு வைத்தார்கள். அந்தத் தண்ணீர் கிளாக்கரான என் குவாட்டர்ஸுக்கும் வந்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டுக்குள்ளேயே குழாய்! என் மனைவி அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். விருந்தாளி வந்தால் நான் காப்பிக்கு முன்னால் குழாயைத் திறந்து காட்டுவேன்.

பம்பு ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே லயத்துக் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள், அதற்குப் பிறகு ஒரு மைல் இறங்கி ஆற்றில் குடம் நிரப்பிக்கொண்டு ஏறினார்கள். முடிச்சண்ணன் என் ஆபீஸ் படியில் வந்து நின்றார்.

"ஐயா, பம்பு ஓடுனா எங்க கெணறு எறங்குது. ஞாயித்துக்கெழமை பம்பு நிக்குது, ஒரு முடிச்சு ஏறுது. எங்க தண்ணியத்தான் அது இழுக்குதுங்க."

"ஓகோ, ஞாயித்துக்கெழமை தண்ணிக்கும் லீவா?" என்றேன். ஆபீஸே சிரித்தது.

அவர் அசரவில்லை. படியில் குந்தித் தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தார். சோறு மூழ்க ரசம் ஊற்றினார்.

"சோறு மண்ணுங்க, ரசம் தண்ணி. மண்ணுக்குள்ள கொளமெல்லாம் கெடையாது. இண்டு இடுக்குலதான் தண்ணி நடக்குது." பூசணித் தண்டு ஒன்றை ஓரத்தில் செருகி மளமளவென்று உறிஞ்சினார். தட்டின் மறுகோடியில் சோறு காய்ந்து நின்றது. "பாத்தீங்களா?"

பார்த்தேன். நன்றாகப் புரிந்தது. என் வீட்டுக் குழாய்க்கு ஆபத்து என்பதும் சேர்ந்தே புரிந்தது.

"ரசத்தக் குடிச்சிட்டுப் போயி வேலையப் பாரு" என்றேன்.

அடுத்த ஞாயிறு மாலை, முடிச்சண்ணன் லயத்தில் வீட்டுக்கு ஒரு சிரட்டை உப்பு வாங்கினார். இருக்கிற சேற்றுத் தண்ணீரும் போய்விடும் என்று தெரிந்தும் எல்லோரும் கொடுத்தார்கள். அத்தனையையும் லயத்துக் கிணற்றில் கொட்டினார். உப்பு புதுக் கிணற்றில் வந்து சேர்ந்தால், தண்ணீர் அங்கேதான் போகிறது என்று நிரூபணம் ஆகிவிடுமாம்.

வியாழக்கிழமை காலை என் மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள். "என்னங்க, கொழம்புக்கு இன்னும் உப்பே போடல, கரிக்குது!" காப்பியைக் குடித்தேன். அதுவும் கரித்தது. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை.

தோட்டத்து மேனேஜர் தொரை கொழும்புக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை அவர் திரும்பி வருவதற்குள் கரிப்பு போய்விட்டது. லயத்துக் கிணற்றைக் கெடுத்த குற்றத்துக்கு விசாரணை வைத்தார்.

"பேக்டரி கெணத்துல உப்பு வந்திருக்கும் தொரை," என்றார் முடிச்சண்ணன். "கிளாக்கரையாவக் கேளுங்க. படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு."

தொரை என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்றால் பம்பு நிற்கும், லயத்துக்குத் தண்ணீர் வரும். என் குழாய் வறண்டுபோகும். "அப்படி ஒன்றும் கரிக்கவில்லை" என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன்.

முடிச்சண்ணனுக்கு வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். அதை டைப் அடித்தவனும் நானே. "கரிச்சிச்சுன்னு சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள். நான் குழாயடிக்குக் கை கழுவப் போனேன். மறுநாள் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு லயத்துப் பெண்களோடு ஆற்றுக்கு இறங்கிவிட்டாள்.

பொகவந்தலாவை பஸ்ஸுக்கு முடிச்சண்ணன் தகரப் பெட்டியோடு நின்றிருந்தார். ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்தான் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"ஐயா, தொரை முன்னால உங்களால சொல்ல முடியல. அது எனக்குத் தெரியும். இப்ப சொல்லுங்க. என்னைக்குக் கரிச்சிச்சு?"

"வியாழக்கெழம. காலையில."

விரல் விட்டு எண்ணினார். "திங்கள், செவ்வா, பொதன், வியாழன்... அறுபது எட்டு, நாலே நாளு! நாளைக்குப் பதினஞ்சு எட்டு நடந்திருக்குய்யா! நான் பத்துன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

வேலையும் வீடும் போனவர் முகமா அது? பேரன் பிறந்த சேதி கேட்டவர் மாதிரி பூரித்துப் போனார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லலேன்னா இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நல்லா இருங்கய்யா."

காறித் துப்பியிருக்கலாம் அந்த மனுஷன். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "பதினஞ்சு எட்டுய்யா!" என்று கத்திவிட்டுப் போனார், என் முடிச்சண்ணன்.