பாயசத்தில் முடிந்த சம்பந்தம்

நல்ல பழக்கம் ஒன்றைத் தொடங்கி ஒரு வாரம் ஆன மனிதனிடம் யாரும் நெருங்கக் கூடாது. முதல் நாள் அவனுக்குக் கொஞ்சம் பயமாவது இருக்கும். ஒரு வாரம் போனால், மற்றவர்கள் எல்லாம் சீக்கிரமே சாகப்போகிறவர்களாக அவன் கண்ணுக்குத் தெரிவார்கள்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கள்ளக்குறிச்சியில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்தில் வேலை, மூன்று வேளையும் சோறு, நடுவில் பஜ்ஜி. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். "சோத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்க, காய ஜாஸ்தியா சாப்புடுங்க, சாயந்தரம் நடங்க" என்று மட்டும்தான் சொன்னார். நான் அன்றிரவே போனில் சில வீடியோக்களைப் பார்த்து, சோறு, சர்க்கரை, எண்ணெய், பால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விட்டுவிட்டேன்.

காலையில் வெள்ளரிக்காய், மதியம் உப்பில்லாத சுண்டல், இரவில் சீரகத் தண்ணீர். (சீரகத் தண்ணீரும் ஒரு உணவுதான் என்று வீடியோக்காரர் சொன்னார். நானும் நம்பினேன்.)

"ஒவ்வொரு கரண்டியா கொறைங்களேன். ஒரேடியா வுட்டா ஒடம்பு தாங்குமா?" என்று கேட்டாள் என் மனைவி செல்வி. அவளுடைய அறியாமையை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

அந்த வாரக் கடைசியில், என் தங்கை தனத்துக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கக் கச்சிராயபாளையம் போனோம். அம்மா, செல்வி, தாய்மாமன், நான். மாப்பிள்ளை கல்வராயன் மலைக்கு வேன் ஓட்டுகிறவர். தனத்துக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. இதற்கு முன் அவளுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று கடைசி நேரத்தில் முறிந்து, பல மாதம் அவள் வாசல் பக்கமே வரவில்லை. அப்பா இல்லாத வீடு. அதனால் அண்ணனாகிய நான்தான் பெரிய மனுஷன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைப்பது என்பார்கள். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பசியில் மூளையில் பாதி விளக்கு அணைந்திருந்தது.

முதலில் காபி வந்தது. "சாப்புடறதில்லீங்க" என்றேன். மாப்பிள்ளையின் அப்பா தலையசைத்தார். கேசரி வந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தண்ணியாச்சும் குடிங்க தம்பி."

"நானே கொண்ணாந்திருக்கேங்க" என்று பையிலிருந்து சீரகத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மாமா என் தொடையைக் கிள்ளினார். கொசு என்று நினைத்து அவர் கையிலேயே ஓர் அடி போட்டேன்.

இலை போட்டார்கள். மாப்பிள்ளையே சோறு பரிமாற வந்தார். நான் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டு, சுண்டல் டப்பாவைத் திறந்தேன்.

மாப்பிள்ளையின் கரண்டி அப்படியே நின்றது.

"இன்னா தம்பி, எங்க வூட்டு சோறு ஆவாதா?" என்றார் அவருடைய அப்பா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டு வாய் தின்னுடா" என்று அம்மா பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்.

"அவனுக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்றார் மாமா.

"ஒடம்பு முடியாதவரு சுண்டல் கட்டிக்கினு வருவாரா?" மாப்பிள்ளையின் அப்பா மகன் பக்கம் திரும்பினார். "அவங்க வேற எண்ணத்துல இருக்காங்கப்பா. நேராவே சொல்லியிருக்கலாம். எலைய எடுத்துரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தனத்தின் முகம் நினைவுக்கு வந்தது. எப்படியாவது விளக்கிவிட வேண்டும் என்று வேகமாக எழுந்தேன். "ஐயா, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. சுவர் சாய்ந்தது. விளக்கு அணைந்தது.

கண் திறந்தபோது என் தலை மாப்பிள்ளையின் மடியில் இருந்தது. வாய் நிறைய சர்க்கரை. அவருடைய அம்மா செல்வியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏம்மா, இவருக்கு வூட்ல சோறே போடறதில்லியா?" செல்வி அழுதுகொண்டே வெள்ளரிக்காயில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா நின்றபடியே கேட்டார். முகம் இளகவில்லை.

என் வலது கை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. விழுந்த வேகத்தில், இலை ஓரம் ஆற வைத்திருந்த பாயசக் குண்டானுக்குள் அது போயிருக்கிறது.

மாமா அந்தக் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். முழங்கை வழியாகச் சேமியா சொட்டியது.

"சம்மந்தி, கோவிச்சிக்காதீங்க. எங்க புள்ள கை நனைச்சிட்டான். மணிக்கட்டு வரைக்கும் நனைச்சிட்டான்."

மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"அவருக்கு வேற எல போடு" என்றார்.

அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. மூன்றாவது முறை சோறு கேட்டபோது, மாப்பிள்ளையின் அம்மா திரும்பிக்கொண்டு சிரித்தார் என்பது மட்டும் போதும்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. என் சாப்பாட்டைச் செல்வி தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரை வைத்தாள். அது பழகிய பிறகு டீயில் சர்க்கரையைக் குறைத்தாள். சாயந்தரம் கடையைச் சாத்தியதும் இருவரும் நடந்தோம். பஜ்ஜியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினாள், ஆனால் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. சர்க்கரை இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்புறம் ஏறவில்லை.

போன மாதம் மாமாவின் பேத்திக்காக ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்டோம். தனத்தின் கணவர்தான் வேன் ஓட்டினார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன் ஓர் ஓட்டல் வாசலில் நிறுத்தி இறங்கிப் போனார். திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார்.

"ரெண்டு இட்லிதான் மச்சான். சாப்புடுங்க, போலாம்."

எல்லோரும் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வாயை நான் விழுங்கிய பிறகுதான் அவர் சாவியைத் திருகினார்.