தொடாதே என்று எழுதிய பூந்தொட்டி

பெங்களூரு பீன்யாவில் எத்தனையோ தொழிற்சாலைகள் இருந்தாலும், தன் பல்செட்டுக்கே டேக் கட்டிய மனிதர் எங்கள் டேக் அண்ணா ஒருவர்தான். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பது வருஷமாக வேலை. வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை கட்டிப் பெயர் எழுதி எழுதி, அது கையில் ஊறிவிட்டது. குடை, டிபன் பாக்ஸ், செருப்பு எல்லாவற்றிலும் அவர் பெயர் எழுதிய அட்டை ஆடும். கீழே சிவப்பு மையில் ‘தொடாதே’ என்று இருக்கும். பிணத்தின் கட்டைவிரலில் கட்டுகிற அட்டையைக்கூட ஆஸ்பத்திரிக்கு வேலை வைக்காமல் அவரே எழுதி வைத்திருப்பார் என்று பேக்கிங்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. சிரிப்பதோடு சரி.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு தெருவை மறந்தார். அண்ணா வீடு முழுக்க அட்டை கட்டினார்: உப்பு, கதவு, கக்கூஸ். தன் சட்டையிலும் ‘கணவர்’ என்று ஒன்றைக் குத்திக்கொண்டார். அக்கா அதைக் கழற்றிப் பருப்பு டப்பாவில் கட்டிவிட்டார்.

அப்புறம்தான் இந்தப் பூ. அக்காவின் அப்பா கோலார் தங்கவயலில் ஒரு ஆபீசர் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். அங்கே பூத்த சின்ன நீலப் பூவைப் பற்றி அக்கா அடிக்கடி சொல்வாராம். அது ஃபர்கெட் மி நாட், ‘என்னை மறந்துடாதே’ என்று அர்த்தம் என நர்சரிக்காரர் சொன்னதும், அண்ணா அதை மருந்தாகவே எடுத்துக்கொண்டார். அது பூக்கும்வரை அக்கா தன்னை முழுசாக மறக்காமல் இருந்தால் போதும் என்றார்.

முதல் விதைகளை, மெஷினுக்கு ஊற்றுகிற கட்டிங் ஆயில் வந்த காலி டின்னில் போட்டார். ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாவது தடவை முளைத்தது, ஷீட் கூரைமேல் ஒரே நாள் வெயிலில் கருகியது. மூன்றாவது தொட்டியை கேண்டீனில் கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் நிழலில் வைத்தார். விதை இருட்டில்தான் முளைக்கும் என்று மண்ணுக்கு மேல் ஈரச் சாக்கு போர்த்தினார். பக்கத்தில் யாராவது வாய் கொப்பளித்தால் சண்டைதான். “செடிக்கும் பி.எஃப். புடிக்கிறாங்களாண்ணா?” என்று வெல்டர் கேட்டார். அண்ணா சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அக்கா அவரைப் பார்த்து, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தீர்களா என்று கேட்டிருந்தார்.

ஜனவரிக் குளிரில் பூத்தது. சட்டைப் பட்டனைவிடச் சின்னதாக நாலு பூ. கை பழக்கத்தில் அண்ணா தொட்டிக்கும் ஒரு அட்டை கட்டினார். ஆட்டோவில் தொட்டியைப் பிடித்துக்கொள்ள என்னையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அக்கா குனிந்து பார்த்தார். “ஆபீசர் பங்களா பூ,” என்றார். அண்ணா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அக்கா அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். அண்ணா தொட்டியை அவர் பக்கம் இன்னும் நகர்த்தப் போனபோது, அக்கா கையைத் தட்டிவிட்டார்.

“தொடாதீங்க. இது எங்க வீட்டுக்காரரோடது. பேர் போட்டிருக்கு பாருங்க. வந்தா கத்துவாரு.”

அண்ணா கையை இழுத்துக்கொண்டார். “ரொம்பக் கத்துவாரா?” என்று கேட்டார்.

“வாய்தான். நல்ல மனுசன். ஷிஃப்ட் முடிஞ்சா நேரா வீட்டுக்கு வந்துடுவாரு. இருந்து பாத்துட்டுப் போங்க.”

“சரிம்மா. இருக்கேன்.”

முதல் தடவை வந்த விருந்தாளி மாதிரி, முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவும் பார்த்தார். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வராமல், நானும் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.