பஸ்ஸுக்குள் வைத்த அடுப்பு

அடுப்பு செய்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு. அடுப்பு சரியாக எரியாவிட்டால் உள்ளே வைத்த பண்டம் வாயைத் திறந்து குறை சொல்லாது. பன்னு பாதி வெந்து நின்றால் மாட்டுக்குப் போட்டுவிட்டு மறுபடி மாவு பிசையலாம். காரைக்குடியில் பேக்கரி அடுப்புப் பட்டறை வைத்து நான் காலம் தள்ளிக்கொண்டிருந்தது இந்தத் தைரியத்தில்தான். ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸுக்குள் பிணம் எரிக்கும் கேஸ் அடுப்பைப் பொருத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டதும் அதே தைரியத்தில்தான். (புத்தி என்று ஒன்று எனக்கு இருப்பதாக அதற்கு முன்பும் யாரும் சொன்னதில்லை.)

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சுடுகாட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். விறகு நனைந்து போயிருக்கும். எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும் சிதைக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். அப்படி நின்று நொந்துபோன ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, பஸ்ஸுக்குள்ளேயே எரிமேடை வைத்து ஊர் ஊராக அனுப்பலாம் என்று முடிவு செய்தார்கள். கேஸ் அடுப்பு என்றதும் யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். பன்னு அடுப்பும் இதுவும் ஒன்றா என்று என் மனைவி செல்வி கேட்டாள். நெருப்புக்கு எல்லாம் ஒன்றுதான், அளவுதான் கொஞ்சம் பெரிசு என்று நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன்.

ஸீட்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டோம். தரையில் இரும்புத் தகடு, அதன்மேல் தீச்செங்கல், இரண்டு பக்கமும் பர்னர், காற்று ஊத ஒரு மோட்டார், கூரையில் ஓட்டை போட்டுப் புகைபோக்கி. டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் தடுப்பு வைத்து நான்கு நீல சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தினேன். கண்ட்ரோல் பெட்டிக்கு, பட்டறையில் சும்மா கிடந்த பேக்கரிப் பெட்டியையே மாட்டிவிட்டேன். நேரம் முடிந்தால் டிங் என்று மணியடிக்கும் பெட்டி அது. மணியைக் கழற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்ததோடு சரி.

வேலை முடிந்ததும் முதலில் பார்க்க வந்தவர் என் மாமனார். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை இல்லாத பொருளைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் செய்த எதையும் ஒரே தடவையில் சரி என்று சொன்னதில்லை. வீட்டு கேட்டை மூன்றாவது முறை கழற்றி மாட்டிய பிறகுதான் சும்மா இருந்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புகைபோக்கி கோணல் என்றார். பிறகு படிக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

“படி ஒசரமா இருக்கே. ஏறுறவுக எப்படி ஏறுவாக?”

“இதுல யாரும் நடந்து ஏற மாட்டாங்க மாமா.”

“அப்பவும் ஒசரம் ஒசரந்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெறும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன், எரிந்தது. வாழைத்தண்டை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினேன், அதுவும் எரிந்தது. இனி நிஜமான ஆள் வேண்டும். சொன்னால் அசிங்கம், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆரஞ்சுப் பழத்தோடு முதல் ஆளாகப் போய் நிற்க ஆரம்பித்தேன். சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று அக்கறையாக விசாரித்தேன். ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தனக்கு ஒன்றுமே இல்லை என்றார். செல்விக்குத் தாங்கவில்லை. “இனிமே யாரையும் நலம் விசாரிக்கப் போகாதீக. காறித் துப்புறாக” என்றாள்.

அந்தக் கார்த்திகையில், விடாமல் மழை பெய்த ஒரு காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மறுபடி எழுந்திருக்கவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்காது என்பது வேறு விஷயம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

தேவகோட்டைப் பக்கத்தில் இருந்த அவர் ஊர்ச் சுடுகாடு தண்ணீரில் கிடந்தது. அப்படியும் விறகுதான் என்று பிடிவாதமாக நின்றார் மாமாவின் தம்பி. மகன் இல்லாத வீடு, கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். எங்க அண்ணனப் பன்னு சுடுற மாதிரி சுடவா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நல்லபடியா முடியுமா மாப்பிள்ளை?”

“முடியும் அத்தை. நான் பொறுப்பு.”

அந்த ஒரு வார்த்தையை நம்பி மாமாவை என் பஸ்ஸில் ஏற்றச் சம்மதித்தார்.

சுடுகாட்டுக் கரையில், மேடான இடமாகப் பார்த்து பஸ்ஸை நிறுத்தினோம். மாமாவின் நெஞ்சில் அவருடைய தம்பி கற்பூரம் ஏற்றினார். மாமாவைக் கிடத்திய இரும்புத் தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினோம். சுவிட்சை அவரையே போடச் சொன்னேன். நெருப்பு ஹோவென்று பிடித்தது. கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மழையில் நனைந்துகொண்டே நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன், கடவுளே, அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

கொஞ்ச நேரம் போனது. சத்தம் மெலிந்தது. நீலமாக எரிந்த நெருப்பு மஞ்சளாகி, சிறுத்து, அடங்கிவிட்டது. தடுப்புக்குப் பின்னால் ஓடிப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தன. கேஸை வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து போகும், குளிர்ந்துவிட்டால் கேஸ் வராது. பேக்கரி அடுப்பு மெல்லக் குடிக்கும், அதனால் எனக்கு அந்தக் கவலையே வந்ததில்லை. இது மடக் மடக் என்று குடித்துவிட்டது. நான் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது கண்ட்ரோல் பெட்டி டிங் என்று மணியடித்தது.

“முடிஞ்சிருச்சா தம்பி?” என்று வெளியிலிருந்து ஒரு பெரியவர் மரியாதையாகக் கேட்டார்.

உள்ளே மாமா எந்த நிலையில் இருந்தார் என்று நான் எழுதப்போவதில்லை. எரிந்து முடியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாமாவின் தம்பி என் சட்டையைப் பிடிக்கவில்லை, கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். சட்டையைப் பிடித்திருந்தால் தேவலை.

கல்யாணச் சமையல்காரர்கள் இப்படி ஆனால் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவார்கள் என்பது ஞாபகம் வந்தது. மழைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். நெருப்பு எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. வழியில் இருந்த வீட்டில் போய் வெந்நீர் கேட்டேன். எதற்கு என்று தெரிந்ததும் அந்த அம்மாள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, எங்க அடுப்புல வச்சா என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. வேறு வீடுகளில் கேட்டாலும் இதே பதில்தான் வரும், மிச்சம் இருந்தது ஊர்க்கோடியில் மாமாவின் வீடு ஒன்றுதான். அங்கேயோ, சுடுகாட்டுக்குப் போனவர்கள் காரியத்தை முடித்துத் திரும்பும்வரை அடுப்பே பற்றவைக்கக் கூடாது.

ஈர வேட்டியோடு நடந்தேன். அந்த நடை யாருக்கும் வேண்டாம்.

வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் தலை முழுகி, ஈரக்கூந்தலோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் நிமிர்ந்தார்கள். நின்றுபோய்விட்டது, வெந்நீர் வேண்டும் என்று நான் சொன்னேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே போன ஒரு பெரியம்மா, அவரு எரிஞ்சு முடியாம அடுப்பப் பத்தவைக்கக் கூடாதுடி என்று தடுத்தார்.

“அடுப்பப் பத்தவைக்காம அவுக எரிஞ்சு முடிய மாட்டாகளாம். நான் என்னக்கா செய்ய?” என்று சொல்லிக்கொண்டே அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். பெரிய அண்டாவைத் தூக்கி மேலே வைத்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, என்னை மன்னிச்சிருங்க அத்தை என்று அழுதேன்.

“எந்திரிங்க மாப்பிள்ளை. உசுரோட இருந்தப்பவே உங்க வேலைய ஒரு தடவையில சரின்னு அவுக ஒத்துக்கிட்டதில்ல. இப்ப மட்டும் ஒத்துக்கிருவாகளா?”

கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், காலையிலிருந்து அழாமல் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். அத்தை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்டாவில் தண்ணீர் கொதிக்கட்டும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

குடம் குடமாக வெந்நீர் சுமந்தோம். மாமாவின் தம்பியும் சுமந்தார். உறைந்தது இளகியது, நெருப்பு திரும்ப வந்தது, இந்தத் தடவை நின்று எரிந்தது. கடைசிவரை நானேதான் ஊற்றினேன். கை கொப்பளித்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. சிலிண்டர்களுக்கு வெந்நீர்த் தொட்டி வைத்துவிட்டேன், மணியைக் கழற்றிவிட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்த வேலை இழுத்துக்கொண்டு போனாலும், கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் பதில் சொல்லத் தாமதித்தாலும், வெந்நி ஊத்திப் பாக்கலாமா என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மாமாவின் தம்பிதான் அதிகம் கேட்பார்.

வருஷா வருஷம் மாமாவின் திதிக்கு இலை போட்டுப் படைக்கும்போது, எல்லோரும் பச்சைத் தண்ணீர் வைப்பார்கள். அத்தை ஒரு செம்பில் வெந்நீர் வைப்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். கும்பிடுவதற்கு முன் அந்தச் செம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டியது மாப்பிள்ளையான என் பொறுப்பு. ஆறியிருந்தால் நான்தான் எழுந்துபோய் மறுபடி காய்ச்சிக்கொண்டு வருவேன்.