முள்ளம்பன்றி கட்டிய போர்க்கப்பல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் எதிர்வீட்டுப் பிரகாசி அக்கா. போன ஐப்பசியில், மாலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னாள். நடுவில் இரண்டு தடவை வாய் தவறித் தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டாள். நான் முள்ளம்பன்றி என்றே எழுதுகிறேன்.

ஒரு காட்டில், பாறைக்கடியில் குடைந்த வளையில், சந்தியாகு என்ற முள்ளம்பன்றியும் அவர் மனைவி ஞானப்பூவும் குடியிருந்தார்கள். பிள்ளைகளை எல்லாம் கட்டிக்கொடுத்தாச்சு. வீட்டில் ஒரு அறை காலியானது. காலியான அறையைக் கண்டால் ஆண்பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? சந்தியாகு செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ரிமோட்டில் ஓடும் போர்க்கப்பல் ஒன்று கட்ட உட்கார்ந்தார்.

முதலில் முதுகெலும்பு மாதிரி நீளமாய் ஒரு கட்டை. அதில் விலா விலாவாகப் பலகைத் துண்டுகள். அதன் மேல் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி, இடுக்கையெல்லாம் அடைக்கப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். சோற்றில் தூள், குழம்பில் தூள். ஞானப்பூ ஜெபம் பண்ணும்போது தும்மலும் சேர்ந்துதான் மேலே போனது.

அவளும் பொறுத்துத்தான் பார்த்தாள். ஆனால் மூத்த மகள் அருள்கனி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்று தகவல் வந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னாங்க, பிள்ள வந்து எங்க படுப்பா? கப்பலுக்குள்ளயா?"

"மிதந்துட்டா குளக்கரைக் கொட்டகைக்குக் கொண்டு போயிருவேன் ஞானம். குளத்த ஒரு சுத்து முழுசா ஓடுன கப்பலுக்குத்தான் கொட்டகைக்கார நீர்நாய்ங்க இடம் தருவாங்களாம். ரூல்ஸ்."

ஆக, மகளுக்கு அறை வேண்டுமானால் கப்பல் மிதக்க வேண்டும். ஞானப்பூ அன்றிலிருந்து கப்பலுக்காகவும் முழங்கால் போட ஆரம்பித்தாள்.

கப்பல் அண்டாத் தண்ணீரில் அழகாகத்தான் மிதந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. ஆனால் அவளைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பிய மறு நிமிஷம் முங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் வரிசையாய் ஓட்டை.

"பட்டி சரியில்ல," என்றார் சந்தியாகு. மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள், மறுபடி தும்மல். மறுபடி ஓட்டை. இந்தத் தடவை, "பெயின்ட் சரியில்ல."

ஞானப்பூ யோசித்தாள். மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறார், நாமும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே. "ஆண்டவரே, என் நாவுக்கு இனிமை தாரும்" என்று வேண்டிக்கொண்டு போய், அறை வாசலில் நின்று சொன்னாள்: "நல்லா வந்திருக்குங்க."

சந்தியாகுவுக்கு முகம் மலர்ந்தது. முகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, முதுகும் மலர்ந்தது. முள் எல்லாம் சிலிர்த்து நிமிர, "நெசமாவா ஞானம்?" என்று இந்தப் பக்கம் திரும்பினார். குறுகலான அறை. பின்னால் கப்பல். சடசடவென்று சத்தம்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டியும் பெயின்டும் ஒரு பாவமும் அறியாதவை.

"என்னாங்க, நீங்க சந்தோசப்பட்டா முள்ளு நிமிருது. கப்பலக் குத்துறது நீங்கதான்."

"அப்படியா! நீ என்னை அவ்வளவு கவனிக்கிறியா?" என்றார் சந்தியாகு. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நாலு ஓட்டை.

சரி, இது சொல்லித் தீரும் காரியம் இல்லை. ஞானப்பூ அன்று முதல் ஏச ஆரம்பித்தாள்.

"இது என்ன கப்பலா, காய்ஞ்ச பூசணியா?" என்பாள். "பின்னாடி இருக்கிறது விசிறியா, கரண்டியா?" என்பாள். ஏசிவிட்டு அடுப்படிக்குப் போய், "மன்னியும் ஆண்டவரே" என்று ஒரு ஜெபம். திரும்பி வந்து இன்னொரு ஏச்சு. சந்தியாகு முள்ளைப் படிய வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு வேலை பார்த்தார். கப்பல் முழுசாய் எழுந்து நின்றது. ஒரு கீறல் இல்லை.

மகள் வருகிற அன்று காலைதான் குளத்தில் வெள்ளோட்டம். நீர்நாய் டோக்கன் கொடுத்தது. முன்னால் ஆமை, அதற்கு முன்னால் தவளைக் குடும்பம். சந்தியாகு கப்பலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஞானப்பூ ஒட்டியே நின்றாள், காவல்காரி மாதிரி.

கொக்கு எட்டிப் பார்த்தது. "அட, அசல் போர்க்கப்பலேதான், அண்ணாச்சி!"

சந்தியாகு கப்பலை அதன் முன்னால் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து காட்டப் போனார். முதுகில் ஒரு முள் எழுந்தது. இன்னொன்று எழுந்தது.

"அசலா?" என்றாள் ஞானப்பூ சத்தமாக. "எங்க வீட்டு மீன்சட்டி இதவிட நேரா மிதக்கும்!"

முள் படுத்தது. கரையில் எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். "என்ன பொம்பள இது!" என்றது ஆமை. "பாவம் அந்த மனுஷன்."

கப்பல் தண்ணீரில் இறங்கியது. ரிமோட்டைத் தட்டியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, தாமரை இலைகளை ஒதுக்கி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்கு வந்து நின்றது. காடே கைதட்டியது. சந்தியாகு கப்பலைக் கையில் எடுத்தார். கொட்டகை நாலடி தூரம். கைதட்டல் நிற்கவில்லை. கழுத்திலிருந்து வால்வரை முள் கிளம்புகிறது. கப்பலைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடத் திரும்பப் போகிறார்.

ஞானப்பூவுக்கும் கை தட்டத்தான் எழுந்தது. இருந்தாலும் சொன்னாள்:

"வாயும் வயிறுமா பிள்ள வர்ற வீட்டுல பாய் விரிக்க இடமில்ல. இவருக்குக் கைதட்டு ஒண்ணுதான் குறைச்சல்!"

கைதட்டல் அப்படியே நின்றது. முள் ஒன்றுவிடாமல் படிந்தது. சந்தியாகு கப்பலைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தார். நீர்நாய் கதவைப் பூட்டியது.

அன்று சாயங்காலம் அருள்கனி வந்து, கூட்டி மெழுகின அறையில் காலை நீட்டிப் படுத்தாள். வாசலில் நின்ற சந்தியாகு மெல்லக் கேட்டார்: "ஏன் ஞானம், அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

ஞானப்பூ சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் கல்லும் மண்ணும்தான். "ராசா மாதிரி போச்சுங்க," என்றாள். "எனக்கு அழுகையே வந்துருச்சு."

சந்தியாகுவுக்கு உடம்பில் உள்ள முள் அத்தனையும் எழுந்து நின்றுவிட்டது. வளை வாசலில் நுழைய முடியவில்லை. பேத்தி பிறக்கும்வரை அவர் வெளியில்தான் நின்றார், சிரித்துக்கொண்டே.

நீதி: ஏச்சுதான் கப்பலைக் கரை சேர்க்கும். பாராட்டை, கொட்டகை பூட்டின பிறகு, தூரத்தில் நின்று சொல்லவும்.

கதை கேட்டவர்கள் இன்று விளக்கேற்றும்போது பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.