மல்லாந்து படுத்த நாரை

ரீட்மோர்,
செவ்வாய்க்கிழமை

பாசத்துக்குரிய தெக்லா அத்தைக்கு,

ஹென்னிங் எழுதுவது. நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்தைக் கேட்காதீர்கள். வரும் சனிக்கிழமை காரோடு வந்து என்னையும் என் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். இந்த ஊரில் எனக்கு வேலை உண்டு, மனுஷர்தான் இல்லை.

விஷயம் கொடி. பச்சைத் துணியில் வெள்ளை நாரை, அதுதான் எங்கள் ஊராட்சிச் சின்னம். பழையது நைந்துபோச்சு, திருவிழாவுக்குப் புதுசு வேணும் என்று மேயரம்மா ஓஸ்டர்காம்ப் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? கழிவுநீர் நிலையத்தில் நாள் முழுக்க நானும் பம்புகளும்தான். ரோட்டில் எதிரே வருகிறவர்கள் "மொய்ன்" என்று ஒற்றை வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். வீட்டுக்காரம்மா வாயைத் திறப்பது நான் குப்பையைத் தொட்டி மாற்றிப் போட்டால் மட்டும். அதற்காகவே சில வாரம் தயிர் டப்பாவைக் காகிதத் தொட்டியில் போட்டிருக்கிறேன். கொடி விஷயத்திலாவது நாலு பேர் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

துணியின் எடை, சாயம், காற்றின் இழுப்பு எல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஆர்டர் கொடுத்தேன். விழாவன்று பேண்டு முழங்கக் கொடியை ஏற்றினார்கள், ஏற்றியதும் பேண்டு நின்றுவிட்டது. எங்கள் ஊராட்சி அலுவலகக் கம்பத்தின் உச்சியில் ஒரு குறுக்குக் கட்டை உண்டு. கொடி அதிலிருந்து நீளவாக்கில் தொங்கும். காத்தே இல்லாட்டியும் சின்னம் தெரியணுமாம். அதற்குச் சின்னத்தைத் திருப்பித் தைத்திருக்க வேண்டும். நானோ பக்கவாட்டில் பறக்கிற கொடிக்கு வரைந்து தொலைத்தேன். நாரை மல்லாந்து, காலை விறைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் தொப்பியைக் கழற்றி, "எப்போ தவறிச்சு? அடக்கம் இன்னைக்கேவா?" என்றார்.

"சாகலப்பா, உங்க ஊரு பீரைக் குடிச்சிருக்கு" என்றார் எங்கள் தீயணைப்புப் படைத் தலைவர் எகெர்ட்.

மேயரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தினம் இந்த வழியாத்தானே போறீங்க தம்பி? ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் பாத்ததில்லையா?"

"கட்டை இருக்குன்னு யாரும் சொல்லலியே!"

"யார்கிட்ட கேட்டீங்க?"

யாரிடமும் கேட்கவில்லை அத்தை. கேட்கிற அளவுக்கு யாரையும் தெரியாது. அன்று பந்தலில் நீள மேசைகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து சாசேஜ் தின்றார்கள். நான் நின்றுகொண்டே தின்றேன், சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஆகவே சனிக்கிழமை. சாமான் அதிகமில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல தூக்கமும், மாமாவின் முழங்காலுக்கு வலியில்லாத நாட்களும் வாய்க்கட்டும்.

உங்கள் மருமகன்,
ஹென்னிங்

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசல் மணி அடித்தது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே இன்றைக்குத்தான் தெரியும். எகெர்ட் நிற்கிறார், தோளில் கொடி. "நாரையை எழுப்பணும்ப்பா. பிரிச்சுத் திருப்பித் தைக்கலாம்னா என் பொண்டாட்டி தையல் மெஷின் மக்கர் பண்ணுது. பம்பு பாக்கற ஆளுதானே, வந்து பாரு."

"தையல் மெஷின் என் துறையில்ல" என்றேன்.

"அப்போ வந்து சாப்பிடு. சனிக்கிழமை பாதி ஊரு நம்ம வீட்லதான், ஆளுக்கொரு யோசனை சொல்ல."

அத்தை, சனிக்கிழமை வராதீர்கள். வந்தாலும் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.